பந்தும் வேதமும் பி.டி. சாரும்

நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, "எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் ஸ்கோர் ஷீட் மட்டும்தான்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர்கள் விடுவதாக இல்லை. "அப்படீன்னா பாஸ்கட்பாலைப் பற்றியே எழுதும்" என்று சொல்லிவிட்டார்கள். எனவே துணிந்துவிட்டேன். பிழையிருந்தால் பொறுத்தருள்க.

பாஸ்கட்பால் என்றதும் என் காதில் முதலில் கேட்பது நம் பி.டி. சாரின் குரல். "எலே, பந்தைச் சவுட்டப்படாது! சவுட்டணும்னா அந்தப் பக்கம் போய் ஃபுட்பால் ஆடு!" 1974-இல் பி.யு.சி. முடித்துவிட்டு வந்த எங்களுக்குப் பந்து என்றாலே சவுட்டுவதற்குத்தான். கையால் தட்டி, ஆள்மேல் படாமல், தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் தொங்கும் ஒரு வளையத்துக்குள் போட வேண்டும் என்றால் சிரிப்பாக இருந்தது. அந்தச் சிரிப்பை மூன்றே மாதத்தில் அவர் போக்கிவிட்டார்.

ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். பிரின்சிபாலுக்கு முதல்வர் என்றும் புரொபசருக்குப் பேராசிரியர் என்றும் தமிழ் வந்து நிலைத்துவிட்டது. பி.டி. சாருக்கு மட்டும் அறைப் பலகையில் உடற்கல்வி இயக்குநர் என்று எழுதியிருந்தாலும், யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பிசிகல் டைரக்டர் என்ற அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அது பல்கலைக்கழகம் தந்த பெயர் அல்ல; சர்க்கார் தந்ததும் அல்ல. அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ. சங்கங்கள் தங்கள் விளையாட்டுக்கூடங்களை நடத்த வைத்திருந்த ஊழியர்களுக்குக் கொடுத்த பெயர் அது. வேதம் சொல்ல வந்தவர்களோடு சேர்ந்து, பந்து சொல்லிக்கொடுக்க வந்தவர்களும் நம் நாட்டுக்கு வந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் எனக்குத் தெரிந்தவரை இங்கே சொல்லப் போகிறேன்.

பிரசங்க மேடையை விட்டவர்

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861-இல் கனடாவில் பிறந்தவர். மாண்ட்ரியல் நகரில் பிரஸ்பிட்டீரியன் சபையின் இறையியல் கல்லூரியில் படித்துப் போதகர் ஆக வேண்டியவர். படிக்கும்போதே முரட்டு ஃபுட்பால் ஆட்டக்காரர். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே பக்கத்தில் நின்றவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, இவர் நிற்பதைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டானாம். இவர் அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் போதித்ததில்லை. கூட நின்று ஆடியதே போதனையாகிவிட்டது. பிரசங்கம் செய்வதைத் தவிர நன்மை செய்ய வேறு வழியும் உண்டு என்று அன்றைக்குத் தோன்றியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

படிப்பை முடித்தவர் சபைப் போதகராகப் போகவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளிக்குப் போனார். ஊழியத்தை விட்டுவிட்டு விளையாடப் போனவனை அவருடைய சகோதரி கடைசிவரை மன்னிக்கவில்லை என்பார்கள். நம்ம ஊரிலும் இது நடக்கக்கூடியதுதானே! உபதேசியார் மகன் குருமடத்தை விட்டுவிட்டுப் பந்து விளையாடப் போனால் வீட்டில் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1891-ஆம் ஆண்டுக் குளிர்காலம். வெளியே பனி. உள்ளேயே ஆடக்கூடிய, அடிதடியில்லாத ஆட்டம் ஒன்றை 14 நாளில் கண்டுபிடி என்று அவருடைய தலைவர் லூதர் குலிக் கட்டளையிட்டார். நெய்ஸ்மித்துக்குச் சின்ன வயதில் ஆடிய ஒரு கல்லெறி விளையாட்டு ஞாபகம் வந்தது. பாறைமேல் வைத்த கல்லை விசையோடு எறிவதைவிட மெதுவாக வளைத்து எறிந்தால்தான் எறிபவனுக்கு நல்லது. இலக்கை உயரத்தில் படுக்கை வாட்டில் வைத்துவிட்டால் பலத்துக்கு வேலையில்லை, நிதானத்துக்குத்தான் வேலை. பந்தோடு ஓடக்கூடாது என்று வைத்துவிட்டால் ஆளைப் பிடித்துத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. இந்த இரண்டு யோசனைதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

பீச் பழக்கூடைகள் இரண்டைக் கூடத்தின் மாடித் தடுப்பில் ஆணியடித்து மாட்டினார்கள். தடுப்பின் உயரம் பத்தடி. அதனால்தான் இன்றைக்கும் வளையம் பத்தடி. விதிகள் 13. பக்கத்துக்கு 9 பேராக 18 மாணவர்கள். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல். நான்கு வருஷம் கழித்து, 1895-இல், அதே மாநிலத்தின் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர் வாலிபாலைக் கண்டுபிடித்தார். குமரி மாவட்டத்தில் வாலிபால் கம்பம் நடாத ஊர் உண்டா? அந்தக் கம்பத்தின் வேரும் அதே மண்ணில்தான் இருக்கிறது.

பெட்டியில் வேதாகமம், பையில் பந்து

ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்கள் உலகம் முழுவதும் ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்துக்குப் போனார்கள். போன இடமெல்லாம் கூடை மாட்டினார்கள். 1893-இலேயே பாரிஸ் நகரில் ஆட்டம் நடந்தது. சீனா, ஜப்பான், பாரசீகம் என்று ஆட்டம் பரவியது. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் என்று விளையாட்டு வரலாறு சொல்லும் பெயர் டங்கன் பேட்டன். நெய்ஸ்மித்தின் அந்த முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குக் கேப்டனாக நின்றவர் இவர்தான்.

அந்தக் காலத்தில் மிஷனரிகள் எல்லோரும் ஒரே மாதிரி விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. காஷ்மீரில் ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு 1890-இல் வந்த டின்டேல் பிஸ்கோ துரையின் கதை பிரசித்தம். அவர் தோல் ஃபுட்பால் ஒன்றைக் கொண்டுவந்து ஆடச் சொன்னார். பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள் தோலைத் தொட மாட்டோம் என்றார்கள். துரை விடவில்லை, ஆசிரியர்களைக் கம்போடு சுற்றி நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு பையன் முகத்தில் பந்து பட்டுவிட, தீட்டுப்பட்டுவிட்டதே என்று அவன் அழ, ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் கழுவச் சொன்னாராம். பிற்காலத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஊருக்கு நன்மை செய்யும் நல்ல ஆட்டக்காரர்களாகத்தான் வளர்ந்தார்கள். ஆனாலும் கம்பை வைத்து ஒரு ஆட்டத்தைத் தொடங்குவது கோச்சிங் ஆகுமா என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி உண்டு.

சென்னைக்கு வந்த பக்

சென்னை ஒய்.எம்.சி.ஏ.வை 1890-இல் அமெரிக்கரான டேவிட் மெக்கானகி தொடங்கினார். அந்தச் சென்னைக்கு 1919-இல் ஹாரி குரோ பக் வந்து சேர்ந்தார். பென்சில்வேனியாக்காரர், ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். மறு ஆண்டே, 1920-இல், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். பிறகு அது அடையாற்றங்கரையில் நந்தனத்தில் பெரிய வளாகமாக வளர்ந்தது. நம்மவர்கள் "சைதாப்பேட்டை ஒய்.எம்.சி.ஏ." என்று சொல்வது அதைத்தான். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற பெருமை அதற்கு உண்டு. அவருடைய மனைவி மேரி பக் அம்மையாரும் அங்கே பணியாற்றினார். 1940-இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பக் செய்த காரியத்தின் மகிமை எங்கே இருக்கிறது? அவர் பந்து விளையாடச் சொல்லிக்கொடுத்ததோடு நிற்கவில்லை, சொல்லிக்கொடுப்பவர்களை உண்டாக்கினார். ஒரு மிஷனரி நூறு பிள்ளைகளுக்குக் கற்றுத்தரலாம். ஊருக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். நூறு ஆசிரியரைத் தயார்செய்து நூறு ஊருக்கு அனுப்பினால் மிஷனரி போன பிறகும் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் கல்லூரியில் சேர வேதக்காரனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் ஒரே மைதானத்தில் ஓடினார்கள்.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்தியக் குழுவை அழைத்துச் சென்றவரும் பக் தான். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது சர் தோராப்ஜி டாட்டா தலைவர். செயலாளர் டாக்டர் நோரன். இந்த நோரனும் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சித் துறைக்காரர். நம் நாட்டு விளையாட்டு அமைப்பின் அஸ்திவாரத்தில் இந்தக் கைகள் இருக்கின்றன என்றால் மிகையாகாது. பக் 1943-இல் மறைந்தார். பாஸ்கட்பாலில் ஆண்களுக்கான தேசியப் போட்டி 1934-இல் டில்லியில் தொடங்கியது. 1950-இல் இந்தியக் கூட்டமைப்பு உருவானது. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் நம் ஆண்கள் அணி ஆடியது. எல்லாம் அந்த விதையின் விளைச்சல்.

நம்ம ஊர்க் கதை

இனி நம் நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததும், 1818-இல் மீட் நாகர்கோவிலுக்கு வந்ததும் நமக்குத் தெரிந்த கதை. லண்டன் மிஷன் தந்தவை பள்ளிக்கூடம், அச்சகம், லேஸ் பின்னல், நெய்யூர் ஆஸ்பத்திரி. ஒய்.எம்.சி.ஏ. தந்தது வேறு. 1920-களில் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராம முன்னேற்ற மையத்தை வளர்த்தார். அப்போது மார்த்தாண்டம் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கிராமத்து மக்களே முன்னேற்றத்தைச் செய்துகொள்ள வேண்டும், நாம் பக்கத்தில் நின்று வழி சொன்னால் போதும் என்பது ஹாட்ச் கொள்கை. தேனீ வளர்ப்பு, முட்டை விற்பனைச் சங்கம், நல்ல காளை, நெசவு என்று போனது அவர் வேலை. இன்றைக்கும் மார்த்தாண்டம் தேன் என்று உலகமெங்கும் பேர் சொல்கிறோமே, அந்தத் தேன் பெட்டியைப் பரப்பியவர்கள் இவர்கள்தான்.

இதற்கும் பாஸ்கட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒய்.எம்.சி.ஏ. சின்னம் ஒரு முக்கோணம். ஆவி, மனம், உடல் என்று மூன்று பக்கம். நெய்ஸ்மித்துக்கு 14 நாள் கெடு வைத்த அதே லூதர் குலிக் வகுத்தது அது. உடலும் கடவுள் காரியம்தான் என்று அதில் இருந்ததால்தான் நெய்ஸ்மித் கூடை மாட்டினார். ஹாட்ச் மார்த்தாண்டத்துக்கு வந்து பார்த்தார். வயிறு காய்ந்தவனிடம் மூன்று பக்கம் போதாது என்று கண்டார். பொருளாதாரம், சமூகம் என்று இன்னும் இரண்டைச் சேர்த்து ஐந்தாக்கினார். ஸ்பிரிங்ஃபீல்டின் முக்கோணம் நம்ம ஊரில் ஐங்கோணமாகியது. அவர்கள் நமக்குக் கற்றுத்தந்தார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். நம்ம ஊரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

நெய்யூர் ஆஸ்பத்திரி டாக்டர் சாமர்வெல்லையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் ஒருவர். பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர் நெய்யூருக்கு வந்து, வரிசையில் நிற்கும் நோயாளிகளையும் ஓய்வில்லாமல் அறுவைசெய்யும் டாக்டரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்ட் போய் 28,000 அடி அளவுக்கு ஏறித் திரும்பினார். 1922 பயணத்துக்காக அந்தக் குழுவுக்கு 1924-இல் ஒலிம்பிக் பதக்கமும் கிடைத்தது. ஒலிம்பிக் பதக்கக்காரர் ஒருவர் நம் நெய்யூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கத்தி பிடித்தார் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

தூண்டிலா, தோழமையா?

நேர்மையாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். இதெல்லாம் மதத்துக்கு ஆள் சேர்க்கப் போட்ட தூண்டில்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேதக்காரன் அல்ல. எனவே எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. விளையாட்டுக்கூடத்தின் வழியாக மனிதர்களை ஆண்டவரிடம் கொண்டுவருவதே தன் நோக்கம் என்று நெய்ஸ்மித்தே எழுதிக்கொடுத்துத்தான் ஸ்பிரிங்ஃபீல்டில் சேர்ந்தார். மறைத்துப் பிரயோசனம் இல்லை.

ஆனால் பலன் எப்படி வந்தது என்று பாருங்கள். நெய்ஸ்மித்தின் ஆட்டத்தை இன்று ஆடுகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு, மதமே இல்லாதவர்களும் உண்டு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் கோச்சாக இருந்தபோது ஜெயித்த ஆட்டங்களைவிடத் தோற்றவை அதிகம். அந்தப் பல்கலைக்கழக அணிக்கு வந்த கோச்சுகளில் அப்படிக் கணக்கு உள்ளவர், ஆட்டத்தையே கண்டுபிடித்த அவர் ஒருவர்தான்! ஜெயிப்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

நம்ம பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பல ஆண்டுகள் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இருந்தவர், பின்னாளில் தோர்ணக்கல் பேராயர். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் துரைமார் கூடியிருந்த சபையில் எழுந்து நின்று அவர் கேட்டது ஒன்றுதான். நீங்கள் உதவி செய்திருக்கிறீர்கள், தியாகம் செய்திருக்கிறீர்கள். ஆனால் எங்களோடு கைகுலுக்கவும் சேர்ந்து சாப்பிடவும் தயங்குகிறீர்கள். எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்றார். சபையே அதிர்ந்ததாம்.

மேடையில் நிற்கும் பிரசங்கியாருக்கும் பெஞ்சில் இருப்பவனுக்கும் நடுவே தூரம் உண்டு. மைதானத்தில் அந்தத் தூரத்துக்கு இடம் கிடையாது. வியர்த்த உடம்பும் வியர்த்த உடம்பும் உரசாமல் பாஸ்கட்பால் ஆட முடியாது. அசரியா கேட்ட நட்பு எங்காவது கொஞ்சம் கிடைத்திருந்தால் அது கோர்ட்டுக்குள்தான் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஒரே குடம், ஒரே தம்ளர்

இதை நான் புத்தகம் படித்து மட்டும் சொல்லவில்லை. நம் பி.டி. சார் சைதாப்பேட்டையில் பயின்றவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் எங்களை வட்டமாக நிறுத்தி, "ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்கலே. அவனவன் சாமியை அவனவன் கும்பிடு" என்பார். கிறிஸ்தவக் கல்லூரி ஒன்று அவருக்குத் தந்தது இதைத்தான். அவர் அதை நமக்குத் தந்தார்.

பிராக்டீஸ் முடிந்ததும் கோர்ட் ஓரத்தில் ஒரு மண்குடமும் ஒரு அலுமினியத் தம்ளரும் இருக்கும். வரிசையாக நின்று குடிக்க வேண்டும். வந்த புதிதில் ஒரு பையன் மட்டும் குடிக்காமல் விலகி நின்றான். "தாகமில்லை சார்" என்றான். சார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் தாகமில்லை. மூன்றாம் நாள் சார் பிராக்டீஸை ஒரு மணி நேரம் நீட்டிவிட்டார். மைதானத்தை இருபது சுற்று ஓடவைத்தார். முடிந்ததும், எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்த் தம்ளரைப் பறித்துக் குடித்தவன் அந்தப் பையன்தான். அவன் வேறு யாருமில்லை, நான்தான். எனக்கு முன்னால் அந்தத் தம்ளரில் வாய்வைத்துக் குடித்திருந்தவன் கடப்புறத்திலிருந்து வரும் எங்கள் சென்டர் ஆட்டக்காரன். எங்கள் வீட்டில் அப்போது இருந்த பழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. விவரிக்க வெட்கமாக இருக்கிறது. சார் எனக்கு ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை. திட்டவில்லை. கம்பும் எடுக்கவில்லை. தாகத்தை வரவைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் குடித்த பிறகு, அதே தம்ளரில் கடைசியாக அவர் குடித்தார்.

அந்தச் சென்டர்தான் பிறகு என் உயிர்த் தோழன். பட்டம் முடித்து, சாரைப் போலவே உடற்கல்வி பயின்று, எண்பதுகளில் நைஜீரியாவில் ஒரு பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியராகப் போனான். அங்கிருந்து எழுதிய முதல் கடிதத்தில் வெயிலைப் பற்றியும் கப்பைக்கிழங்கு கிடைப்பதைப் பற்றியும் எழுதிவிட்டுக் கடைசியில், "கோர்ட் போட்டாச்சு மக்கா. குடமும் வாங்கிட்டேன். ஒண்ணுதான்" என்று முடித்திருந்தான். கடல் தாண்டி ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து நமக்கு வந்தது, நம் கடற்கரையிலிருந்து இன்னொரு கடல் தாண்டிப் போய்விட்டது.

நிறைவாக

மிஷனரிகள் வந்தார்கள், போனார்கள். அவர்களுடைய குறைகளும் நிறைகளும் வரலாற்றில் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால், அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சொந்தமில்லாத ஒன்று உண்டு, அதுதான் பி.டி. சார் என்ற மனிதர். எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் பொதுவான ஒரு விசில்.

நண்பர்களே, இந்தச் சந்திப்புக்கு வருகிறவர்கள் மேடையும் விருந்தும் முடிந்ததும் கோர்ட் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். வளையம் துருப்பிடித்துவிட்டது. வலை இல்லை. கோர்ட்டுக்குள் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. நம் செட் சார்பில் புதிய போர்டும் வளையமும் வாங்கித்தர உத்தேசித்திருக்கிறோம். இயன்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம். கூடவே ஒரு மண்குடமும் ஒரு தம்ளரும் வாங்கி வைப்பது என் பொறுப்பு. இப்போதெல்லாம் பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டிலோடு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வைப்பேன்.

நம் சார் இப்போது இல்லை. அவர் ஊதிய விசில் நம் ஒவ்வொருவர் காதிலும் இருக்கிறது.